ட்சுபாவை அடையாளம் காண்பது: இரும்பில் தொடங்கிக் கையெழுத்தில் முடியுங்கள்

ட்சுபா, அதாவது கைப்பிடிக்கும் வாள்தகட்டுக்கும் இடையே கையைக் காக்கும் பழைய ஜப்பானிய வாள்காப்பு, ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் அதில் வெட்டியிருக்கும் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தப் பெயரைக் கடைசியாகப் படிக்க வேண்டும். ஒரு ட்சுபாவில் போலியாகச் சேர்க்க மிகச் சுலபமானது நான்கைந்து எழுத்துகள்தான். அதற்கு ஓர் உளி போதும். தட்டின் இரும்பு, விளிம்பை முடித்திருக்கும் விதம், வெட்டின் உட்சுவர், வாள் உட்கார்ந்து தேய்ந்த தடம் ஆகியவற்றை அவ்வளவு சுலபமாக உண்டாக்கிவிட முடியாது. புகழ்பெற்றவர்களின் பெயரை மற்றவர்கள் தங்கள் வேலையில் வெட்டுவது எடோ காலத்திலேயே (1603–1868) இருந்தது. பழைய ட்சுபாக்களில் பெரும்பகுதிக்குப் பெயரே கிடையாது. ஆகவே தட்டைப் பார்த்தே பட்டறையைச் சொல்லப் பழகுங்கள். பெயர் இருந்தால் அது சாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் காலிப்பர், ஒரு சிறு காந்தம், ஒரு கிராம் துல்லியத் தராசு, பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு டார்ச், பருத்திக் கையுறை: இவை போதும். கையுறையைத் தவிர்க்க வேண்டாம். கருநிறச் செப்புக் கலவையில் பதியும் விரல்ரேகையை அப்புறம் எடுக்க முடியாமல் போகலாம்.

முதலில் நேராகப் பிடியுங்கள்

நடுவில் உள்ள ஆப்பு வடிவத் துளை நககோ-அனா. கைப்பிடிக்குள் போகும் வாளின் அடித்தண்டு இதன் வழியாகச் செல்லும். துளையின் கூரான முனை வாளின் வெட்டுவாய்ப் பக்கம், அகன்ற முனை முதுகுப் பக்கம். கத்தானா என்ற நீள்வாளை வெட்டுவாய் மேலே இருக்குமாறு இடுப்பில் செருகுவதால், ட்சுபாவையும் கூர்முனை மேலே இருக்கும்படி வைத்துப் பார்ப்பதே முறை. அப்படி வைத்தால்தான் படமும் நிமிர்ந்து நிற்கும். தலைகீழாக வைத்துவிட்டு, பறக்கும் வாத்தை நீந்தும் மீன் என்று குழம்புகிறவர்கள் உண்டு.

கைப்பிடியைப் பார்க்கும் முகம் ஓமோதே, அதாவது முன்முகம். வாள்தகட்டைப் பார்ப்பது உரா, பின்முகம். முன்முகத்தில் வேலைப்பாடு செறிவாகவும், பின்முகத்தில் அதன் தொடர்ச்சி அடக்கமாகவும் இருப்பது வழக்கம். துளையைச் சுற்றி முட்டை வடிவில் வெறுமையாக விட்டிருக்கும் இடம் செப்பாதை; செப்பா என்ற மெல்லிய வளையத் தகடு இதன்மேல் அமரும். கையெழுத்து பெரும்பாலும் இங்கேதான். வாளில் பொருத்தியிருக்கும்போது அது யார் கண்ணிலும் படாது.

நடுத்துளைக்கு இருபுறமும் சிறு துளைகள் இருக்கலாம். முன்முகத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அரைநிலா வடிவில் இருப்பது கோசுகா என்ற சிறுகத்திக்கு. வலப்பக்கம் மூன்று மடிப்புள்ள வளைவாக இருப்பது கோகாய் என்ற கூந்தல் ஊசிக்கு. இவற்றைப் பட்டறையிலேயே வெட்டினார்களா, பிறகு வேறொருவர் வெட்டினாரா என்பதைக் கவனியுங்கள். பின்னால் வெட்டிய துளை படத்தையோ கையெழுத்தையோ பாதி விழுங்கியிருக்கும். அதன் உட்சுவர் மற்ற வெட்டுகளைவிடப் புதிதாகத் தெரியும். அழகைக் கெடுக்கும் இந்தக் காயம் ஒரு நல்ல தகவலும்கூட: தட்டு ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் இருந்திருக்கிறது. ஈயமோ செப்புக் கலவையோ வைத்து அடைத்த துளைகளும் அப்படித்தான்.

நடுத்துளையின் மேலும் கீழும் அடித்துச் செருகிய செம்புத் துண்டுகள் சேகிகானே. தண்டு ஆடாமல் இறுக்கிப் பிடிக்க இவை தேவை. துளையைச் சுற்றியுள்ள உளிக்கொத்துகளும் அதற்காகவே. சேகிகானேயும் இல்லை, கொத்தும் இல்லை, தேய்மானமும் இல்லை என்றால் தட்டு எந்த வாளிலும் ஏறியதில்லை. அன்பளிப்புக்காகச் செய்த நல்ல வேலையும் அப்படி இருக்கும். 1859-இல் யோகோஹாமா துறைமுகம் திறந்த பிறகு வெளிநாட்டாருக்காகச் செய்த சரக்கும் அப்படி இருக்கும். மற்ற சாட்சிகள்தான் இரண்டையும் பிரிக்கும்.

அளவும் உலோகமும்

உயரம், அகலம், விளிம்புத் தடிமன், நடுத் தடிமன் என நான்கு அளவுகளையும் தனித்தனியே எடுங்கள். கத்தானாவின் ட்சுபா ஏறக்குறைய 7.5 முதல் 8.5 சென்டிமீட்டர், வாக்கிசாஷி என்ற நடுத்தர வாளுக்கு 6 முதல் 7, தாந்த்தோ என்ற குறுவாளுக்கு அதனினும் சிறிது. தடிமன் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர். ஒரு பெரிய வட்டத் தகடு 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பழைய வாள்கொல்லர் அல்லது கவசக்கொல்லர் வகை என்ற சந்தேகம் உடனே வர வேண்டும். விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாடு ஒற்றைத் தடிமனைவிடப் பயன் தரும். நடுவில் தடித்து விளிம்பில் மெலிவது, விளிம்பை மேலே அடித்துத் திருப்பி உயர்த்துவது, தட்டையாக விடுவது, வேறு உலோகப் பட்டையால் உறையிடுவது என ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பழக்கம் உண்டு.

வெளி உருவத்துக்கும் பெயர்கள் உண்டு: வட்டம் மருகதா, நான்கு இதழ்போல் உள்வாங்கியது மொக்கோகதா, மூலை மழுங்கிய சதுரம் நதேகாக்கு, கீழ்ப்பகுதி அகன்றது அவோரிகதா. இந்த உருவங்கள் பல பட்டறைகளுக்குப் பொதுவானவை என்பதால் உருவத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பிறகு காந்தம். கருநிறமாக இருப்பதெல்லாம் இரும்பல்ல. ஷாகுதோ என்பது செம்பில் சில விழுக்காடு தங்கம் கலந்து, செப்புக் களிம்புக் கரைசலில் கொதிக்கவைத்து நீலமோடிய கருமை ஏற்றிய கலவை. படத்தில் பார்த்தால் இரும்பு என்றே தோன்றும், காந்தம் ஒட்டாது. ஷிபுஇச்சி செம்பும் வெள்ளியும் சேர்ந்தது. பெயரின் பொருளே நாலில் ஒரு பங்கு. நிறம் சாம்பல். சுத்திகரிக்காத பழுப்புச் செம்பு யமகானே, பித்தளை ஷின்ச்சூ. யமகானே பெரும்பாலும் பழைய காலத்து வேலையைக் காட்டும்.

ஷாகுதோத் தட்டில் மீன்முட்டை பரப்பியதுபோல் நுண்மணிகள் இருந்தால் அது நனாகோ. கிண்ண முனையுள்ள உளியால் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே அடித்திருப்பார்கள். லென்ஸை வையுங்கள். மணி ஒவ்வொன்றும் பிரிந்து, உச்சி உருண்டு, வரிசை தப்பாமல் படத்தின் ஓரம்வரை வந்து நின்றால் அது கைவேலை. மணிகள் ஒன்றோடொன்று குழைந்து, ஓரங்களில் மங்கினால் அச்சு வார்ப்பு. நனாகோ ஷாகுதோவும் உயர்ந்து நிற்கும் தங்க உருவங்களும் கோத்தோ குடும்பத்தின் அடையாளம். கோத்தோ யூஜோ (1440–1512) தொடங்கிய மரபு அது. எடோ ஆட்சியாளர்களுக்குப் பல தலைமுறைகள் வேலை செய்தது. அதே பாணியை மற்றவர்களும் பின்பற்றியதால் “கோத்தோ பாணி” என்பதும் “கோத்தோ” என்பதும் ஒன்றல்ல.

இரும்பைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். டார்ச்சைத் தட்டுக்குச் சாய்வாகப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். சுத்தியல் தடங்கள் அலை அலையாகத் தெரியும். சில தட்டுகளில் மேற்பரப்பு மெழுகு உருகியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். முடித்த தட்டை மீண்டும் நெருப்பில் காட்டி மேற்தோலை இளக்கிய வேலை அது, பெயர் யாகிதே. விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கடினமான சிறு முடிச்சுகள் தட்டுப்பட்டால் அவை தெக்கொத்ஸு, “இரும்பு எலும்பு”. கரியளவு சீராகக் கலக்காத இரும்பில் கடினமான பகுதி எஞ்சி நிற்க, மென்மையான பகுதி தேய்ந்து உள்வாங்கியதால் வருவது. ஓவாரிப் பகுதியின் ஊடுவெட்டு வேலையிலும் கனாயாமா வகையிலும் இது எடுப்பாகத் தெரியும். கனாயாமா சிறியது, தடித்தது, எலும்பு மிகுந்தது; ஓவாரி அதைவிடப் பெரியது, சமச்சீரானது, வலுவானது.

வார்ப்புப் போலிகளைக் கண்டுபிடிக்க வெட்டுகளின் உள்ளே பாருங்கள். கையால் வெட்டிய துளையின் உட்சுவரில் அரத்தின் இழுப்புக் கோடுகள் இருக்கும், மூலைகள் கூர்மையாக இருக்கும். வார்த்ததில் உட்சுவரின் நடுவே மெல்லிய தையல்போல் ஒரு கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. மூலைகள் சோப்புக்கட்டியைப்போல் மழுங்கியிருக்கும், பரப்பில் மணல்துளை போன்ற குழிகள் இருக்கும். தங்கம் என்று தோன்றுவது பூச்சாகவும் இருக்கும். நூலில் தொங்கவிட்டுத் தட்டி ஓசை கேட்கும் பழக்கமும் உண்டு: அடித்து உருவாக்கிய இரும்பு மணிபோல் நீடித்து ஒலிக்கும், வார்ப்பு மந்தமாக நின்றுவிடும். ஆனால் ஊடுவெட்டு அதிகமுள்ள நல்ல தட்டும் மந்தமாக ஒலிக்கக்கூடும். ஓசையை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள்.

வெட்டும் பதிப்பும் காட்டும் பட்டறைகள்

ஊடுவெட்டு, அதாவது சுகாஷி, இரண்டு வகை. உருவத்தையே வெட்டி எடுத்துவிட்டு அதை வெற்றிடமாகக் காட்டுவது ஒன்று. உருவத்தை நிறுத்தி, மீதித் தட்டை வெட்டி எடுப்பது மற்றொன்று. மெல்லிய தகட்டில் ஒரு சிறு பூவோ நிலவோ வெற்றிடமாக இருந்தால் பழைய வாள்கொல்லர், கவசக்கொல்லர் வகைகளைப் பாருங்கள். கவசக்கொல்லர் தட்டில் விளிம்பு உயர்ந்திருப்பது வழக்கம். உருவம் நின்று தட்டு மறைந்திருந்தால் கியோட்டோ, ஓவாரி, கனாயாமா, அகாசாகா, ஹிகோ என்ற வட்டத்துக்குள் வருவீர்கள். கியோட்டோவின் கோடுகள் மெலிந்து ஒயிலாக இருக்கும், ஓவாரியில் கோடு தடித்து இறுக்கமாக நிற்கும். நூலிழை அளவுக்கு நுண்ணிய ரம்பவெட்டு தெரிந்தால், எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) இத்தோ பட்டறையை நினையுங்கள்.

இரும்பில் பித்தளை பதித்தது பெரிய குடும்பம். தட்டின் மட்டத்துக்குச் சமமாகப் பித்தளைக் கொடிகளைப் பதித்தது யோஷிரோ வகை; மேலே உயர்த்திப் பதித்தது ஹேயன்ஜோ. பழங்காலத்துக் கரடுமுரடான பித்தளைப் புள்ளிகளும் கோடுகளும் கொண்டதை ஓனின் என்பார்கள். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தங்கத் தாளை ஒட்டும் முறை நுனோமே: இரும்பின் பரப்பை நெருங்கிய குறுக்குக் கோடுகளாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கத்தை அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். தங்கம் தேய்ந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் துணி நெசவுபோல் அந்தக் கீறல் தெரியும். அது தெரியாமல் தங்கம் செதில் செதிலாக உரிந்தால் பூச்சு என்றே கொள்ளுங்கள்.

ஹிகோவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பிரபு ஹோசோகாவா ததாஓகி (1563–1646) தேநீர்க் கலையில் தேர்ந்தவர். 1632-இல் ஹோசோகாவா குடும்பம் ஹிகோவின் கூமமோத்தோவுக்கு மாறியது. அவர்கள் ஆதரவில் ஹாயாஷி மதாஷிச்சி, ஹிராதா ஹிகோசோ, நிஷிகாகி கன்ஷிரோ, ஷிமிசு ஜின்கோ ஆகியோரின் நான்கு பட்டறைகள் வளர்ந்தன. இவர்கள் பெரும்பாலும் பெயர் வெட்டவில்லை. மதாஷிச்சியின் இரும்பு ஆழ்ந்த கருமை, வழுவழுப்பு, அளவான தங்கம். ஹிகோசோ செம்புக் கலவைகளைத் துணிச்சலாகக் கையாண்டார். ஜின்கோ பட்டறையில் பித்தளைக் கழுகு அடிக்கடி வரும். அடக்கமான ஹிகோத் தட்டு ஒன்று, தங்கம் கொட்டிய எடோத் தட்டைவிட உயர்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

படம் சொல்லும் கதை

மனிதர் இல்லாமல் பொருளை மட்டும் காட்டுவது ஜப்பானிய வேலையில் பெரிய பழக்கம். பெயர் ருசு-மொயோ, “ஆள் வீட்டில் இல்லாத” வடிவம். அலைகளும் ஒரு விசிறியும் மட்டும் இருந்தால் 1185-இல் யாஷிமா போரில் படகில் ஏந்திய விசிறியை அம்பால் வீழ்த்திய நாசு நோ யோஇச்சி. சுரைக்குடுக்கையும் குதிரையும் என்றால், குடுக்கைக்குள் குதிரையை அடைத்துவைத்த சீனச் சித்தர் சோகரோ. கோணல்மாணலான பலகைப் பாலமும் ஐரிஸ் பூக்களும் யத்ஸுஹாஷி, பழைய ‘இசே கதைகள்’ நூலில் வரும் இடம். முரசின்மேல் சேவல் அமர்ந்திருந்தால் அமைதிக் காலம்: அடிக்க ஆளில்லாத போர்முரசு சேவலுக்கு இருக்கையாகிவிட்டது. ஆற்று வெள்ளத்தில் இரண்டு குதிரை வீரர்கள், முன்னே போகிறவர் சேணவாரைப் பார்க்கக் குனிந்திருந்தால் 1184-இல் நடந்த உஜி ஆற்றுக் கடப்பு. வார் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிப் போட்டியாளரை முந்தினார் சசாகி தகாத்ஸுனா. தும்பி பின்வாங்காது என்று நம்பியதால் அதற்கு வெற்றிப்பூச்சி என்று பெயர். ஐந்து செங்குத்துக் கோடுகளின் தலைகளை வெவ்வேறாக இணைத்த சின்னம் கெஞ்சிகோ, வாசனைப் பொருள் விளையாட்டிலிருந்து வந்தது. அத்தகைய சின்னங்கள் 52 உண்டு.

இரண்டு பக்கமும் கடலட்டை போன்ற நீள்வெற்றிடம் உள்ள தட்டை புகழ்பெற்ற வாள்வீரர் மியமொத்தோ முசாஷியோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர் கடைசி ஆண்டுகளைக் கூமமோத்தோவில் கழித்து 1645-இல் இறந்தார். அந்த வடிவத்தை ஹிகோவிலும் வெளியிலும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். வடிவத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. குடும்பச் சின்னங்களிலும் இதே தவறு நடக்கிறது. மூன்று இலைச் சின்னத்தைக் கண்டதும் எடோ ஆட்சியாளர்களான தொக்குகாவா வீட்டுப் பொருள் என்று விற்கிறார்கள். எச்சிசென் பகுதியின் கினாய் பட்டறை அவோஇ என்ற அதே இலைகளை விரும்பிச் செதுக்கியது. இலை இருப்பதால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடாது.

இப்போது கையெழுத்து

வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் பெயர் என்பது பரவலான அமைப்பு. மூன்று எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. இடையிடையே புள்ளிகளோடு மூன்று செங்குத்துக் கோடுகள் நின்றால் அது “ஷூ”, நாடு, அதாவது ஜப்பானுக்குள் உள்ள பழைய மாகாணம். அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்தால் புஷூ (முசாஷி, எடோ இருந்த நாடு), சோஷூ (நகாத்தோ, ஹகி நகரம்), கோஷூ (ஓமி) என்று வரும். இடப்பக்கம் ஒரு சாய்கோடும் ஒரு செங்கோடும், வலப்பக்கம் உச்சியில் புள்ளியும் அதன்கீழ் மூன்று படுக்கைக் கோடுகளை ஊடுருவும் செங்கோடும் இருந்தால் “ஜூ”, வசிப்பவர். அதே இடப்பக்கத்தோடு, வலப்பக்கம் சீப்புப்போல் பற்கள் நீட்டியிருந்தால் “சாக்கு”, செய்தது. “எச்சிசென் ஜூ கினாய் சாக்கு” என்பதைப் படிக்க இவ்வளவு போதும்: எச்சிசெனில் வசிக்கும் கினாய் செய்தது.

அடுத்தது கோட்டின் உள்ளே பார்ப்பது. உண்மையான கோடு ஒரே இழுப்பு அல்ல. ஆப்பு வடிவச் சிறு குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சங்கிலி. கோட்டின் அடியில் உள்ள துரு தட்டின் துருவோடு நிறத்தில் ஒத்திருக்க வேண்டும். அடி பளிச்சென்று, ஓரத்தில் பிசிறு கூராக, சுற்றியுள்ள படலம் கலைந்து இருந்தால் பெயர் பின்னால் வந்தது. கோடு ஆழமில்லாமல் அடி உருண்டிருந்தால், அதை வார்த்திருக்கிறார்கள் அல்லது அமிலத்தால் அரித்திருக்கிறார்கள்.

பெயரும் வேலையும் பொருந்துகின்றனவா என்பதே கடைசிக் கேள்வி. நொபுஇயே என்று இரண்டே எழுத்துகள் இருந்தால் தட்டில் இரும்பின் செழிப்பும், ஆமையோட்டுக் கட்டங்களோ கொடிகளோ மெல்லிய கோடாகச் செதுக்கியிருப்பதும் வேண்டும். நொபுஇயே என்று வெட்டியவர் ஒருவர் மட்டுமல்ல. “யமாஷிரோ நாடு, ஃபுஷிமி வாசி கனேஇயே” என்றால் இரும்பில் நிலக்காட்சி இருக்க வேண்டும். இரும்புத் தட்டை ஓவியத் தாளாக மாற்றியவர் அவர். இந்த இரண்டு பெயர்களும் போலிக்கு மிகவும் ஆளானவை. கத்தியால் ஓவியம் தீட்டியதுபோல் ஒருபக்கச் சாய்வான கோட்டுச் செதுக்கல் யோகோயா சோமினின் (1670–1733) பெயரோடு வரும். அதையும் அவருக்குப் பின்வந்த பலர் செய்தார்கள்.

ஒரு தட்டை முழுதாகப் பார்ப்போம். வட்டம், 7.6 சென்டிமீட்டர், காந்தம் ஒட்டுகிறது. மூங்கில் தோப்பில் சீனப் பெரியவர்கள். உருவங்கள் இருபுறமும் முழுதாகச் செதுக்கி, முகங்களில் வெள்ளி, ஆடைகளில் தங்கப் புள்ளி. கையெழுத்து “கோஷூ ஹிகோனே வாசி, மோகராஷி நியூதோ சோதென் செய்தது”. இந்தப் பெயரைக் கண்டதும் மகிழ வேண்டாம். ஹிகோனேயின் சோதென் பாணி பெரும் வரவேற்பைப் பெற்றதால் ஊருக்குள்ளும் வெளியிலும் அதே பெயரோடு ஏராளமாகச் செய்தார்கள். ஐசு பகுதியின் ஷோஆமி பட்டறை வேலையாட்களும் செய்தார்கள். முகங்களை லென்ஸில் பாருங்கள். ஒவ்வொருவர் கண்ணும் வாயும் தனித்தனியாக, ஆடை மடிப்பு உடலின் அசைவோடு போனால் நல்ல கை. எல்லா முகத்துக்கும் ஒரே இரண்டு குத்து, பின்முகத்தில் வேலை சட்டென்று தளர்ந்துவிடுகிறது என்றால் “சோதென் பாணி, எடோ காலப் பிற்பகுதி” என்று எழுதி நிறுத்துங்கள். அப்படிப்பட்ட தட்டும் அழகானதே. அதற்குரிய விலை கொடுத்தால் ஏமாற்றமில்லை.

கெடுத்துவிடாமல் இருக்க

இரும்பில் சிவந்த பொடித்துரு இருந்தால் எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து, பருத்தித் துணியால் நாள்தோறும் துடையுங்கள். வாரக்கணக்கில் ஆகும். கம்பிநார், எலுமிச்சை, துருநீக்கி எதுவும் கூடாது. நூற்றாண்டுகளாகப் படிந்த கருந்தோல் ஒரு மணி நேரத்தில் போய், சாம்பல் நிற வெற்றிரும்பு மிஞ்சும். ஷாகுதோவுக்கும் ஷிபுஇச்சிக்கும் பித்தளை மெருகுப் பசையைத் தொடவே கூடாது. மெருகேறியதும் கீழே இருக்கும் செம்பு தெரியும், வேலையின் மதிப்பில் பெரும்பங்கு துணியோடு போய்விடும்.

விலை பெரிதென்றால் சான்றிதழ் உள்ளதைத் தேடுங்கள். 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் ட்சுபாக்களையும் ஆராய்ந்து ஹொசோன், தொகுபெத்ஸு ஹொசோன், ஜூயோ, தொகுபெத்ஸு ஜூயோ என்று ஏறுவரிசையில் தரம் தருகிறது. 1982-க்கு முந்தைய பழைய தாள்களை அதே அளவுக்கு நம்பக் கூடாது. தாளில் உள்ள படத்தையும் கையிலிருக்கும் தட்டையும் துரு, துளை, கீறல் வரை ஒப்பிடுங்கள். நல்ல தாளை வேறு தட்டோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. ஒப்பிட்டுப் பழக பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் இணையத்தில் வைத்திருக்கும் படங்கள் நல்ல பாடம்.

முடிவைக் குறிப்பேட்டில் எழுதும்போது பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள். “இரும்பு, வட்டம், 78 × 77 × 5 மி.மீ., விளிம்பில் எலும்பு, உருவம் நிற்கும் ஊடுவெட்டு, இரு துளைகளும் பட்டறையில் வெட்டியவை, பெயரில்லை” என்பது முதல் வரி. “ஓவாரியாக இருக்கலாம்” என்பதைத் தனி வரியில், பென்சிலால் எழுதுங்கள்.